வெள்ளைச் சுவரும் கம்பிக் கூண்டும்

அப்பா படங்களை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூரு அரண்மனைச் சாலையில் தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. மாணிக்கவேலு மாளிகை என்ற பழைய பங்களாவைப் புதுப்பித்து 2009-ல் திறந்தார்கள். ஆளுக்கு 20 ரூபாய் டிக்கெட். தருமபுரியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் இறங்கி, அப்பாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் அவர் சுவரில் கை வைக்கப் போனார். காவலர் பார்ப்பதற்குள் நான் தடுத்துவிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சுவரை ஒரு கோணத்தில் பார்த்தார்.

“லைட்டு சாய்ஞ்சு விழுது பாரு பாப்பா. இப்படிப்பட்ட வெளிச்சத்துல மேடு பள்ளம் இருந்தா காட்டிக் கொடுத்துடும். ரெண்டு தடவ பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கான். நல்ல வேலைக்காரன்.”

அப்பா பெயிண்டர். ஓவியர் என்ற பொருளில் இல்லை, சுவருக்கு வண்ணமடிக்கும் பெயிண்டர். எங்கள் மாவட்டத்தில் நிலம் பெரும்பாலும் மழையை நம்பியது, அதிலும் எங்கள் மக்களின் கையில் இருப்பது குறைவு. அதனால் பெங்களூருதான் எங்களுக்கு வயல். கம்பி கட்ட, கலவை போட, டைல்ஸ் ஒட்ட, வண்ணமடிக்க என்று எங்கள் காலனியிலிருந்து வீட்டுக்கு ஒருவராவது அங்கே போயிருப்பார்கள். அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரின் சுவர்களை வெள்ளையாக்கியிருக்கிறார். வேலை முடிந்து சாவி கொடுத்த பிறகு எந்தக் கட்டடத்துக்குள்ளும் அவர் இரண்டாம் முறை போனதில்லை. போனால் வாட்ச்மேன் விடமாட்டார்.

கலைக்கூடம் என்றால் எங்களுக்கு என்ன வேலை என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். முதல் முறை நான் போனது சென்னையில், வேலை தேடிப் போயிருந்த நாட்களில், ஒரு தனியார் கேலரிக்கு. நுழைவு இலவசம் என்று வெளியே எழுதியிருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். உள்ளே இருந்த செக்யூரிட்டி அண்ணன் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “கிளீனிங்கா? பின்பக்கம் வழி இருக்கும்மா” என்றார். “படம் பார்க்க வந்தேன்” என்றேன். அவர் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவரும் எங்களைப்போன்ற ஒரு தெருவிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். அந்தக் கதவுக்குள் யார் எந்த வழியாக வருவார்கள் என்று அவருக்கு யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் என்மேல்தான் வந்தது. உள்ளே போனபிறகு செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கோயில் வாசலில் நம்மை நிறுத்திய பழக்கம் காலுக்குத் தெரியும்போல. இருபது படங்களை ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. ஏசி குளிரும், ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த நீளமான விளக்கங்களும், என்னைப் பார்க்காதபடி பார்த்த இரண்டு பெண்களும் மட்டும் நினைவில் இருக்கிறார்கள்.

இலவசம் என்று எழுதிவிட்டால் கதவு திறந்துவிட்டது என்று கேலரிக்காரர்கள் நினைக்கிறார்கள். பல தனியார் கேலரிகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். கூலி வேலை செய்கிறவருக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாள் அதுதான். பார்வையாளர் யார் என்று முடிவு செய்த பிறகுதானே வேலை நேரத்தை முடிவு செய்திருக்கிறார்கள்? சாதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிறவர்கள் அந்தக் கதவில் தொங்கும் நேர அட்டையைப் படிக்கலாம்.

இதையெல்லாம் எங்கள் ஊர்த் தோழர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “நத்தம் எரிஞ்சப்போ எந்த ஓவியன் வந்தான் தோழர்? கேலரிக்குப் போய் என்ன ஆகப்போகுது?” என்றார். அது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பல மாதங்கள் அதை மனத்தில் வைத்திருந்தேன்.

2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைத் தாக்கிச் சூறையாடி எரித்தார்கள். திவ்யாவும் இளவரசனும் சாதி மீறித் திருமணம் செய்துகொண்டதற்காக. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலனி அங்கிருந்து தள்ளி இருக்கிறது, ஆனாலும் அன்றிரவு எங்கள் தெருவில் யாரும் படுக்கவில்லை. அம்மா என் பள்ளிச் சான்றிதழ்களையும் ரேஷன் கார்டையும் ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, சரியாக 35 நாட்கள் கழித்து, இந்தியாவின் முதல் பைனாலே கொச்சியில் தொடங்கியது. உலகின் பெரிய கலைஞர்கள் எல்லாம் பழைய கிடங்குகளில் படைப்புகளை வைத்தார்கள். கொச்சியை நான் குற்றம் சொல்லவில்லை, அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தொடர்பே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். ஒரே தென்னிந்தியாவில், ஒரே குளிர்காலத்தில், சமகாலம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் நடந்தன.

அந்த நாட்களில் நாளிதழ்களில் வந்த படங்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். கருகிய மோட்டார் சைக்கிள், ஓடு சரிந்த வீடு, சாம்பலின் நடுவில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் பெண். அவை தேவைப்பட்ட படங்கள். அவை இல்லாவிட்டால் தாங்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று சொல்லியிருப்பார்கள். படங்கள் இருந்தும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாகத் தருமபுரி தலித் என்றால் அந்த அழும் பெண்தான். அரசு அலுவலகமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது, தொண்டு நிறுவனமும் அதைத்தான் கேட்கிறது. நம்முடைய இயக்கங்களின் ஃபிளெக்ஸ் பேனர்களையும் பாருங்கள். மேலே தலைவர்கள் சிரிப்பார்கள், கீழே நாம் அழுவோம். அந்தப் பெண் அடுப்பு மூட்டியதையும், திருவிழாவில் கூத்து பார்த்து விடிய விடிய உட்கார்ந்திருந்ததையும், மகள் கல்லூரிக்குப் போன முதல் நாள் வாசலில் நின்றதையும் யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? அந்தப் படங்கள் அவருடைய வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கு அவையும் எரிந்திருக்கும்.

தோழரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். அதைக் கேலரிகள் எனக்குத் தரவில்லை, நம்மவர்கள் தந்தார்கள்.

மதுரை வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரனின் ஒளிப்படங்களை நான் முதலில் கைப்பேசியில் பார்த்தேன். கொரோனா ஊரடங்கில் ஊருக்குத் திரும்பிய அவர், சொந்தக் குடும்பத்தையே எடுக்கத் தொடங்கினார். தலித் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்திய பாட்டியின் வீடு அது. அந்தப் படங்களில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் சும்மா இருக்கிறார்கள். தலித்துகள் சும்மா இருக்கும் படத்தை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மதுரையின் இன்னொருவர் பழனிக்குமார். மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து பதிவு செய்தவர், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அவர் படங்களில் அழுகை இருக்கிறது. ஆனால் அழுகிறவரின் பெயர் இருக்கிறது, அவர் கேமராவை நேராகப் பார்க்கிறார். பிறகு அவர் வடசென்னை இளைஞர்களின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாகவே வைத்தார். எனக்கு அவருடைய வேலைகளிலேயே பெரிய வேலையாகத் தெரிவது அதுதான்.

மராத்தியில் பானை மேல் பானையாக வைக்கும் அடுக்குக்கு ‘உதரண்ட்’ என்று பெயர். பிரபாகர் காம்ப்ளே என்ற கலைஞர் அந்த அடுக்கையே சிற்பமாக்கி 2022-ல் பெர்லின் பைனாலேயில் வைத்தார். அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புரியவைக்க நாம் பயிற்சி முகாம்களில் அரை நாள் வகுப்பு எடுக்கிறோம். அடிப்பானையின் மேல் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது அந்த அடுக்கைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கேரளத்து ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்த சஜன் மணி, அந்த ரப்பரையே தன் கலைப்பொருளாக்கினார், பொய்கையில் அப்பச்சனின் பாடல்களைத் தன் படைப்புக்குள் கொண்டுவந்தார். அவருக்கு 2021-ல் பெர்லின் கலைப் பரிசு கிடைத்தது. ராஜ்யஸ்ரீ கூடி என்ற பெண், தலித் தன்வரலாறுகளில் வரும் உணவுகளைச் சமையல் குறிப்புகளாக மாற்றி எழுதினார், தன் குடும்பத்தார் சேர்ந்து சாப்பிடும் பழைய போட்டோக்களைக் கண்காட்சியாக வைத்தார். நாக்பூரின் சவி சாவர்க்கர் இவர்களுக்கெல்லாம் முன்பே, கழுத்தில் கலயம் தொங்கும் மனிதனைத் தடித்த கோடுகளில் வரைந்துவிட்டார்.

இவர்களின் பெயர்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. இவர்களைப் பற்றிப் பெர்லினில் எழுதுகிறார்கள், தருமபுரியில் நமக்குத் தெரியவில்லை. சென்னையில் ஏப்ரல் மாதத்தில் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் வானம் கலைத் திருவிழா போன்றவை இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கின்றன. ஆனால் சென்னை எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு.

அப்பாவிடம் திரும்புகிறேன். சுவரைப் பார்த்து முடித்தபிறகு படங்களைப் பார்க்கத் தொடங்கினார். எனக்கு விளங்காத ஒன்று அவருக்குச் சட்டென்று விளங்கியது: எந்தப் படத்தில் வண்ணத்தை அவசரமாகப் போட்டிருக்கிறார்கள், எதில் காயவிட்டு மேலே போட்டிருக்கிறார்கள் என்று. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் இருந்த சின்ன அட்டையைக் காட்டி, “இது என்ன?” என்றார்.

“வரைஞ்சவங்க பேரு, எந்த வருஷம், எதுல வரைஞ்சாங்கன்னு.”

“எந்தப் பெயிண்டுன்னு கூடவா?” என்று சிரித்தார். அப்புறம் வெளியே வந்து மரத்தடியில் உட்காரும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

“நம்ம அண்ணல் சிலைய செஞ்சது யாருன்னு தெரியுமா உனக்கு?” என்றார் திடீரென்று.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் காலனி முகப்பில் இருக்கும் அம்பேத்கர் சிலையை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-க்கு முந்தைய வாரம் அதற்கு வண்ணமடிப்பது அப்பாதான். கூலி வாங்கமாட்டார். அந்த நீலத்தைக் கடையில் வாங்கிய டப்பாவிலிருந்து அப்படியே அடிக்கவும் மாட்டார், கொஞ்சம் கறுப்பு கலப்பார். பீடத்தில் கல்வெட்டு இருக்கிறது. திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். செய்தவர் பெயர் இல்லை.

சிலையைச் சுற்றிக் கூண்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்திருப்பீர்கள், கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அண்ணலை. பாதுகாப்புக்காக என்பார்கள். அந்தப் பாதுகாப்பு பொய்யில்லை. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில், பலரும் பார்க்க அவருடைய சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதிய சிலை வைத்தது. தலையை உடைப்பவனைத் தடுக்க முடியாத அரசு சிலையைக் கூண்டில் அடைக்கிறது. கொஞ்ச நாளில் நமக்கே அது பழகிவிடுகிறது. எங்கள் தெருக் குழந்தைகள் அம்பேத்கரை வரைந்தால் கம்பிகளையும் சேர்த்தே வரைகிறார்கள். கம்பி இல்லாத அம்பேத்கரை அவர்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

கேலரியிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே அது விலையைக் காக்கிறது. கயிற்றைத் தாண்டினால் ‘பின்னால் நில்லுங்கள்’ என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் கூண்டைத் தாண்டினால் தடை உத்தரவு போடுவார்கள்.

நவீன இந்தியாவின் மிகப் பெரிய பொதுக் கலை எது என்று கேட்டால் என் பதில் அம்பேத்கர் சிலைதான். 1950-ல் கோலாப்பூர் பிந்து சௌக்கில், அவர் உயிரோடு இருக்கும்போதே ஒன்றை வைத்தார்கள். 1967-ல் நாடாளுமன்ற வளாகத்தில் பி.வி. வாக் செய்த வெண்கலச் சிலை வந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கையில்லாத ஊர்களில் எண்ணிக்கையில்லாத கைகள் சிமெண்டிலும் ஃபைபரிலும் அவரைச் செய்திருக்கின்றன, கூலிக்காரர்கள் காசு போட்டு வைத்திருக்கிறார்கள். கேலரி உலகத்தில் இதற்கு இடமில்லை. முகம் சரியில்லை, உடல் அளவு சரியில்லை என்பார்கள். கோட்டுப் போட்ட ஒரு தலித் ஊர் முகப்பில் நிற்கிறார் என்பதற்காகவே உடைக்கப்படும் சிற்பம் வேறு எது இருக்கிறது? ஒரு கலைப்படைப்பு இவ்வளவு பேரைத் தொந்தரவு செய்தால் அதைப் பற்றிப் புத்தகம் போட மாட்டார்களா?

நம்முடைய உடல் மட்டும் கலைக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. மெரினா உழைப்பாளர் சிலையை 1959-ல் வைத்தார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. எழும்பூர் கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவர். அந்தச் சிலைக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அதே கல்லூரியின் காவலாளி என்று சொல்வார்கள். வெண்கலத்தில் நிற்பதற்கு ஒருபோதும் தடை இருந்ததில்லை.

தருமபுரியில் கலைக்கூடமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன் என்று எங்கள் மண் முழுக்க அந்தக் கற்கள்தான். வில்லும் வாளுமாகச் செதுக்கி, இன்னார் மகன் இன்னார் இன்ன சண்டையில் பட்டான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மாட்டுச் சண்டையில் செத்தவனின் பெயர் எனக்குத் தெரிகிறது. 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்தருகே கிடந்த இளவரசனுக்கு, முதலாம் ஆண்டு நினைவு நாளிலேயே ஊரைச் சுற்றித் தடை உத்தரவு போட்டார்கள். நடுகல் மரபைப் பற்றிப் பெருமை பேசும் மாவட்டம் இது.

அதனால் தோழருக்கு என் பதில் இதுதான். நத்தம் எரிந்தபோது எந்த ஓவியனும் வரவில்லை, உண்மை. இனி ஓவியன் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அதற்கு நாம் போய்ப் பார்க்க வேண்டும். நன்றியோடு போகத் தேவையில்லை, பயந்தும் போகத் தேவையில்லை. ஒருவராகப் போனால் பின்பக்கத்தைக் காட்டுவார்கள், பத்துப் பேராகப் போங்கள். பெங்களூரில் வேலை செய்யும் அண்ணன்மார்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று அங்கேயே சத்தமாகச் சொல்லுங்கள், ஆங்கில அட்டையைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வரிப்பணத்தில் நடக்கும் கூடத்தில் அது நம் உரிமை.

அரசிடம் கேட்பதற்கும் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய சென்னை ஒளிப்பட பைனாலே, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களிலும் படங்களை வைத்தது. சென்னைக்கு முடிந்தது பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் ஏன் முடியாது? மாவட்டத் தலைநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, பேருந்து நிலையம் இருக்கிறது, அரசு கல்லூரிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நல விடுதிகளின் சுவர்கள் சும்மாதான் இருக்கின்றன. அட்டைகளைத் தமிழில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை திறந்து வையுங்கள்.

நம் இயக்கங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த பேனர் அடிக்கும்போது, அழாத ஒரு பெண்ணின் படத்தைப் போடுங்கள்.

ஏப்ரல் வந்தது. அப்பா வழக்கம்போல நீலம் கலந்தார். கூண்டின் பூட்டுச் சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும், அதை வாங்கி வரவே இரண்டு நாள் ஆனது. அவர் உள்ளே நின்று கோட்டுக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தபோது, பீடத்தின் பின்பக்கம் அவர் பெயரை எழுதச் சொன்னேன். “அண்ணல் காலடில என் பேரா? போ பாப்பா, வேலையப் பாரு” என்றார். அதனால் நானும் தெருப் பிள்ளைகளும் ஒரு அட்டை தயாரித்தோம். கலைக்கூடத்தில் பார்த்த அதே அளவில், தமிழில்.

‘அண்ணல் அம்பேத்கர். சிமெண்ட், இரும்புக் கம்பி, எனாமல் வண்ணம்’ என்று எழுதினோம். வண்ணம் என்ற இடத்தில் அப்பா பெயரைச் சேர்த்தோம், அவரிடம் சொல்லவில்லை. செய்தவர் என்று எழுதிவிட்டு நின்றோம். தெருவின் மூத்தவர்களிடம் கேட்டோம். சேலத்துக்காரர் என்றார் ஒருவர். இல்லை, ஆந்திராவிலிருந்து லாரியில் வந்தது என்றார் இன்னொருவர். தலையைத் தனியாகச் செய்து கொண்டுவந்து இங்கே வைத்துப் பூசியதாக என் பெரியம்மா சொன்னார், பூசியவருக்கு அவர்தான் சோறு போட்டாராம், நல்ல மனுஷன், பெயர் மறந்துவிட்டது.

அந்த இடத்தைக் காலியாக விட்டு அட்டையைக் கம்பியில் கட்டியிருக்கிறோம்.